பழைய கோல்ஃப் பை ஒன்றைப் பிரித்து விற்ற கணக்கு

பழைய கோல்ஃப் மட்டைகளை வாங்கிச் சீர்செய்து விற்றால் கையில் ஏதாவது மிஞ்சுமா என்று பலரும் கேட்கிறார்கள். இப்போது என்னிடம் முழுக் கணக்கு இருக்கிறது. ஒரு பையை உள்ளே கிடந்ததோடு மொத்தமாக வாங்கினேன். பிரித்து, துடைத்து, ஒட்டி, கிரிப் (கைப்பிடி ரப்பர்) மாற்றி, தனித்தனியாக விற்றேன். ஒரே ஒரு மட்டை மட்டும் இன்னும் பட்டறை மேசையில் இருக்கிறது. போட்ட பணம் திரும்பியது, அதற்கு மேலும் வந்தது. ஆனால் எந்த மட்டையிலிருந்து வரும் என்று எண்ணினேனோ அதிலிருந்து வரவில்லை. அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவருக்கு அதுதான் பயன்படும் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

தொகைகளை எந்த நாணயத்திலும் சொல்லவில்லை. பைக்குக் கொடுத்த விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற வரவும் செலவும் அந்த நூறை வைத்தே வரும். விலை இடத்துக்கு இடம் மாறும்; விகிதம் அந்த அளவுக்கு மாறாது.

தேடுதல்

ஓர் ஆட்டத்தில் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்ற விதியை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இல் கொண்டுவந்தது. ஆனால் ஆடுகிறவர் வீட்டில் 14 மட்டைகளோடு நிற்பதில்லை. மிக நீண்ட அடிக்கான பெரிய தலை மட்டையான டிரைவர் புதிதாக வரும்போது பழையது மூலைக்குப் போகிறது. குறுகிய தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் தேய்ந்தால் இன்னொன்று வருகிறது. கடைசியில் ஆட்டத்தை விட்டுவிடும்போதோ வீட்டைக் காலி செய்யும்போதோ, இருபது முப்பது வருடச் சேர்மானம் ஒரே பையில் வெளியே வருகிறது. நான் தேடுவது அந்தப் பையைத்தான். மாடல் பெயரும் ஆண்டும் எழுதி ஒற்றை மட்டையாக விற்பவருக்குச் சந்தை விலை தெரியும்; அவரிடம் வாங்கி மறுபடி விற்பதில் இடமே இல்லை. ‘கோல்ஃப் பை, உள்ளே மட்டைகள் உண்டு’ என்ற அளவில் விளம்பரம் கொடுப்பவரிடம்தான் இடம் இருக்கிறது.

அப்படிப்பட்ட விளம்பரங்களில் படம் பெரும்பாலும் பையை நிற்க வைத்து எடுத்ததாக இருக்கும். மேலே தெரிவது டிரைவரின் தலை உறை மட்டுமே. அடிப்புறம் தெரிகிற மாதிரி இன்னும் இரண்டு படங்கள் கேட்பேன். அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. மாடல் பெயர், தலையில் பொறித்த எழுத்து, வரிப்பள்ளங்களின் தேய்மானம் எல்லாம் அடிப்புறத்திலும், பந்தை அடிக்கும் பக்கமான முகத்திலும்தான் இருக்கின்றன.

விலை பார்க்கும்போது, விற்கக் கேட்கும் விலையை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அந்த விலைதான் விலை. ஒரே மட்டைக்குக் கேட்கும் விலையும் விற்ற விலையும் ஒன்றுக்கு இரண்டாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எடுத்தவுடன் ஒதுக்கிவிடுபவையும் உண்டு. சிறிய தலை கொண்ட பழைய உலோக டிரைவர்கள் அதில் முதல். 1991இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா வந்தபோது அதன் தலை 190 கன சென்டிமீட்டர். அன்றைக்கு அது பெரியது. இன்று விதி அனுமதிக்கும் உச்ச அளவு 460. இன்றைய ஆட்டக்காரர் அந்தச் சிறிய தலையைத் தொடமாட்டார், சேகரிப்பவருக்கும் அது இன்னும் பழமையாகவில்லை. தொடக்கக்காரர்களுக்காகப் பெட்டியோடு வரும் மலிவு செட்டுகள், சிறுவர் மட்டைகள், தலை உறை தொலைந்த ஃபேர்வே மட்டைகள் (டிரைவரை விடச் சிறிய தலை கொண்ட நீள அடி மட்டைகள்) ஆகியவற்றையும் விட்டுவிடுகிறேன். இடக்கை மட்டைகளைத் தனித்தனியாக எடுப்பதில்லை. முழு செட்டாக வந்தால் எடுக்கலாம், ஏனென்றால் வாங்குபவர் குறைவு என்றாலும் அவருக்குக் கிடைப்பதும் குறைவு.

நேரில் பார்க்கப் போகும்போது என்னோடு வருவது: சின்னக் காந்தம், அளவு நாடா, வெர்னியர் காலிப்பர், டார்ச், ஈரத்துணி, பழைய பல் துலக்கும் பிரஷ். இவ்வளவே போதும். ஒவ்வொரு மட்டையையும் தலைகீழாகப் பிடித்து கிரிப் முனையைத் தரையில் மெதுவாகத் தட்டுவேன். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால், தலையைத் தண்டோடு ஒட்டும் எபாக்சிப் பசையின் உடைந்த துண்டு. தலையையும் தண்டையும் எதிரெதிராகத் திருகிப் பார்ப்பேன். துளி அசைந்தாலும் ஒட்டு விட்டிருக்கிறது. கிராஃபைட் தண்டு என்றால் நகத்தைத் தண்டின் மேல் சுற்றிச் சுற்றி இழுப்பேன். பையின் விளிம்பில் உரசி உரசி வண்ணம் தேய்ந்திருப்பது பரவாயில்லை. நகம் ஓரிடத்தில் சிக்கி நின்றால் அது விரிசல். அந்தத் தண்டு ஆடும்போது உடையும், உடைந்தால் கையைக் கிழிக்கும். அதை எந்த விலைக்கும் விற்கக் கூடாது.

பையில் இருந்தவை

மேலே பளபளவென்று ஒரு புதிய காலத்து டிரைவர். ஒரு மூன்றாம் எண் ஃபேர்வே மட்டை. பிங் நிறுவனத்தின் ஐ 2 என்ற மாடல் அயர்ன்கள் (தட்டையான உலோகத் தலை கொண்ட, எண்ணிட்ட மட்டைகள்) எட்டு: மூன்றிலிருந்து ஒன்பது வரை, கூடவே வெட்ஜ். இவை போக வேறு இரண்டு வெட்ஜுகள். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் ஒன்று, நிறம் கறுத்துப்போனது. எல்லாவற்றுக்கும் அடியில், தலை தண்டோடு சேரும் கழுத்தில் சுற்றிய நூல் அவிழ்ந்து தொங்கும் ஒரு மரத் தலை டிரைவர்.

விற்றவர் விலை சொன்னது அந்தப் பளபள டிரைவரைக் காட்டித்தான். நானும் அதற்குத்தான் பாதிப் பணம் என்று மனத்தில் பிரித்துக்கொண்டேன்.

போலி டிரைவர்

வீட்டில் வெளிச்சத்தில் வைத்துத் துடைத்ததும் சந்தேகம் வந்தது. டைட்டானியம் என்று தலையிலேயே அச்சிட்டிருந்தது. காந்தத்தை முகத்தில் வைத்தேன்; டப்பென்று ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. அடிப்புறத்து எழுத்துகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் வண்ணம் பள்ளத்தைத் தாண்டி வழிந்திருந்தது. கழுத்திலுள்ள தொடர் எண் பொறித்ததாக இல்லாமல் மேலோட்டமாக அச்சடித்ததாக இருந்தது. துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்ததும் ஓர் எண் மங்கியது. தலையைக் கழற்றும் திருகாணியின் நீளமும் உண்மையானதோடு பொருந்தவில்லை.

காந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. கார்பன் எஃகைச் சூடாக்கி அடித்து உருவாக்கிய அயர்னைக் காந்தம் பிடிக்கும், அது சரியானதே. 17-4 என்ற வகை ஸ்டெயின்லெஸ் எஃகையும் பிடிக்கும். ஃபேர்வே மட்டைகள் பல அந்த உலோகத்தில்தான் வருகின்றன. 303 வகை எஃகில் கடைந்தெடுத்த விலையுயர்ந்த பட்டர்களை நல்ல இழுப்போடு பிடிக்கக் கூடாது. பிடித்தால் யோசிக்க வேண்டும். எந்த மாடல் எந்த உலோகம் என்று தெரிந்துகொண்டுதான் காந்தத்தை வைக்க வேண்டும்.

போலி என்று தெரிந்த பிறகு, அதைப் ‘பயிற்சிக்கு’ என்று சொல்லி யாருக்காவது தள்ளிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று பயிற்சிக்கு என்று போகிற மட்டை நாளை இன்னொரு பையின் மேல் பளபளவென்று நிற்கும். யாரோ ஒருவர் அதை நம்பிப் பணம் கொடுப்பார். தலையை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். உள்ளே சுவர் முழுக்க ஒரே தடிப்பில் இருந்தது. இடத்துக்கு இடம் தடிப்பை மாற்றி அமைத்த வேலைப்பாடு எதுவும் இல்லை. அந்த மட்டையின் வரவு பூஜ்யம்.

கறுத்த பட்டர்

பட்டரை எடுத்தபோது அது பிங் ஆன்சர் வடிவம் என்பது மட்டும் தெரிந்தது. குதிப்பகுதியிலும் நுனியிலும் எடையைப் பிரித்து வைத்த இந்த வடிவத்தை கார்ஸ்டன் சோல்ஹைம் 1966இல் உருவாக்கினார். அன்றிலிருந்து ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றி ஒன்றாவது செய்திருக்கின்றன. ஆகவே வடிவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எழுத்தைப் படிக்க வேண்டும்.

சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பல் பிரஷால் மட்டும் தேய்த்தேன். பள்ளத்தில் காய்ந்த மண் கரைந்து வந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பிடித்ததும் ஆன்சர் என்ற பெயரும் நிறுவனத்தின் பெயரும் பீனிக்ஸ் நகரத்து அஞ்சல் முகவரியும் ஒவ்வோர் எழுத்தாக நிழல் விழுந்து தெளிந்தன. மிகத் தொடக்கத்தில் வந்தவற்றில் ஸ்காட்ஸ்டேல் என்ற ஊர்ப் பெயர் இருக்கும். சேகரிப்பாளர்கள் பெரும் தொகை கொடுப்பது அதற்குத்தான். என்னிடம் இருந்தது அதற்குப் பிறகு வந்தது. ஆனாலும் மாங்கனீஸ் வெண்கலத்தில் வார்த்த அசல். கிரிப்பும் அசல்தான்: நிறுவனம் பட்டர்களுக்குப் போட்டுவந்த, முன்பக்கம் தட்டையான பிபி 58. ரப்பர் காய்ந்திருந்தது, கிழியவில்லை.

இங்கே செய்யாமல் விட்டதுதான் வேலை. வெண்கலத்தைப் பளபளக்கத் தேய்த்திருந்தால் படம் அழகாக இருந்திருக்கும், விலை இறங்கியிருக்கும். பல ஆண்டுகள் காற்றுப் பட்டு ஏறிய அந்தப் பழுப்பு நிறத்தைத்தான் வாங்குபவர் பார்க்கிறார். புதிய கிரிப் போட்டிருந்தால் அசல் போயிருக்கும். துணியால் துடைத்து, கிரிப்பை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தினேன். நீளம் 35 அங்குலம், வெட்டியதில்லை. தண்டில் துருவில்லை. எழுத்து தெரிகிற மாதிரி ஆறு படங்கள் எடுத்துப் போட்டேன். 95க்குப் போனது. பையின் விலையே 100 என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எட்டு அயர்ன்கள்

பிங் ஐ 2 அயர்ன்கள் 1982இல் வந்தவை. ஏராளமாக விற்றவை, இன்றும் ஆடப்படுபவை. அரிதானவை அல்ல, ஆனால் முழு செட்டாக, ஒன்றோடொன்று பொருந்தி வந்தால் வாங்க ஆள் இருக்கிறது. பொருத்தம் பார்ப்பதற்கு மூன்று அடையாளங்கள்: கழுத்தில் உள்ள தொடர் எண், முகத்துக்குப் பின்புறம் உள்ள வண்ணப் புள்ளி, தண்டின் நீளம்.

வண்ணப் புள்ளி, தண்டு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. கறுப்பு சாதாரணம். சிவப்பு தரையை நோக்கித் தாழ்ந்தது. நீலம், பச்சை, வெள்ளை படிப்படியாக நிமிர்ந்தவை. உயரமானவர் நிமிர்ந்ததைத் தேடுவார். விளம்பரத்தில் புள்ளியின் நிறத்தை எழுதாவிட்டால் அதே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வரும். என் செட் முழுக்கக் கறுப்பு.

தொடர் எண்ணில்தான் ஒரு சிக்கல். ஏழு மட்டைகளில் ஒரே எண், ஏழாம் எண் அயர்னில் மட்டும் வேறு எண். முன்பு வைத்திருந்தவர் எங்கோ தொலைத்துவிட்டு வேறொன்று வாங்கிச் சேர்த்திருக்க வேண்டும். அளவு நாடாவை வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அயர்ன்கள் எண் கூடக்கூட அரை அங்குலம் குறைந்துகொண்டே போக வேண்டும். ஐந்தாம் எண் 38 அங்குலம் என்றால் ஆறு 37½, ஏழு 37. இதில் ஏழாம் எண், எட்டாம் எண்ணின் நீளத்திலேயே நின்றது. யாரோ அரை அங்குலம் வெட்டியிருக்கிறார்கள்.

எஃகுத் தண்டை நீட்ட ஒரு சிறு செருகு கிடைக்கிறது. கிரிப்பைக் கழற்றி, தண்டின் மேல் வாயை உட்புறம் வட்ட அரத்தால் சுரண்டி, செருகில் எபாக்சி தடவி, வெளியே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்த வேண்டும். ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது. அரை அங்குலம் கூடினால், வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதற்கான ஸ்விங் வெயிட் என்ற அளவு ஏறத்தாழ மூன்று புள்ளி கூடும். ஆனால் இங்கே முன்பு வெட்டியபோது குறைந்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம், ஆகவே மற்ற ஏழோடு அது ஒத்துப்போனது. அரை அங்குலத்தை விட அதிகமாக நீட்டத் துணியமாட்டேன். செருகு நுழைந்த இடத்துக்குக் கீழே தண்டின் மேல் விழும் பளு கூடிவிடும்.

இனி கிரிப். எட்டிலும் ரப்பர் கண்ணாடிபோல் வழுக்கியது. முதலில் காலிப்பரால் தண்டின் மேல்முனையை அளக்க வேண்டும். 15.2 மில்லிமீட்டர் என்றால் 0.600 அங்குலம், 14.7 என்றால் 0.580. என்னுடையவை 15.2. கிரிப்பின் வாய்க்குள் பார்த்தால் எம் 60 ஆர் என்பதுபோல ஒரு குறி இருக்கும்: எம் ஆண்கள் அளவு, 60 உள் விட்டம், ஆர் உட்புறம் வட்டம். இந்த 60ஐ 0.580 தண்டில் போட்டால் பிடி மெலிந்துபோகும்; அப்போது அடியில் மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

பழையதைக் கீறி எடுக்கக் கொக்கிபோல் வளைந்த பிளேடு. எஃகுத் தண்டுக்கு எந்த பிளேடானாலும் சமாளிக்கலாம், ஆனால் கிராஃபைட்டில் நேரான பிளேடு தண்டின் இழையையே அறுத்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் கொக்கி பிளேடையே பழக்கிக்கொள்வது நல்லது. ரப்பர் சுலபமாக வந்துவிடுகிறது. அடியில் இறுகிப்போன பழைய ஒட்டு நாடாதான் பொறுமையைச் சோதிக்கும். சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் இளம் சூடு காட்டிச் சுரண்டினால் நீளநீளமாக உரிகிறது. மிச்சப் பிசினை டர்பன்டைன் துணியால் துடைக்க வேண்டும்.

தண்டை ரப்பர் கவ்வியில் சுற்றி, முகம் நேராக இருக்கும்படி வைஸில் பிடித்தேன். இருபக்க ஒட்டு நாடாவை நீளவாக்கில் ஒட்டி, மேல்முனையைத் தாண்டி ஓர் அங்குலம் விட்டு அதைக் குழாய்க்குள் மடித்து அழுத்தினேன். கிரிப்பின் மேல்முனையில் உள்ள சின்னத் துளையை ஒரு டீயால் (பந்தை வைக்கத் தரையில் குத்தும் சிறு முளை) அடைத்து, உள்ளே டர்பன்டைன் ஊற்றி, வாயைப் பொத்திக் குலுக்கி, அதையே நாடாவின் மேல் கொட்ட வேண்டும். கஞ்சத்தனம் காட்டினால் கிரிப் பாதி வழியில் நின்றுவிடும்; அப்புறம் அது மேலேயும் போகாது, கீழேயும் வராது. தாராளமாக ஊற்றி, ஒரே மூச்சில் தள்ள வேண்டும். முழுக்க உட்கார்ந்ததும் மேல்முனையை ஒருமுறை தரையில் தட்டி, ஒரு நிமிடத்துக்குள் குறிக்கோட்டை முகத்துக்கு நேராகத் திருப்பிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் திருத்த முடிகிற நேரம். கீழே பழைய துணியோ தட்டோ வைக்காவிட்டால் தரை முழுக்க டர்பன்டைன் ஆகிவிடும். கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது. ஹீட் கன்னை அதற்கு முன்பே அணைத்து வேறு இடத்தில் வைத்துவிட்டேன்.

தலைகளைச் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போட்டுக் கழுவியதோடு நிறுத்தினேன். இவை ஸ்டெயின்லெஸ் எஃகு, வேறெதுவும் தேவையில்லை. இதே மாடல் பெரிலியம் செம்பிலும் வந்தது. செம்பு நிறத்தில் ஐ 2 கையில் கிடைத்தால் அதை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்கவே கூடாது. பெரிலியம் தூள் நுரையீரலில் சேர்ந்தால் தீராத நோய் தரும். வெறுமனே கழுவினால் ஆபத்தில்லை.

எட்டையும் செட்டாக 150க்கு விற்றேன். ஏழாம் எண்ணின் தொடர் எண் வேறு, தண்டு நீட்டப்பட்டது என்று முதல் வரியிலேயே எழுதினேன். வாங்கியவர் அதைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும். திரும்பி வருகிற பார்சலின் செலவு லாபத்தைத் தின்றுவிடும்.

ஆட்டம் கண்ட வெட்ஜ்

இரண்டு வெட்ஜுகளில் ஒன்றில் தலை அசைந்தது. ஹீட் கன்னைக் கழுத்துப் பகுதியில் மட்டும் காட்டி, தடித்த தோல் கையுறையோடு திருகினேன். எஃகுத் தண்டு என்பதால் திருகலாம். கிராஃபைட் என்றால் திருகவே கூடாது. இழை பிளந்துவிடும், அதற்கென்று நேராக இழுக்கும் கருவி வேண்டும். தலை கழன்றதும் கழுத்துக்கு மேல் உட்காரும் கறுப்புப் பிளாஸ்டிக் வளையம், பெரூல், சூட்டில் உருகிப்போகும். புதிதொன்று வாங்க வேண்டும்.

அதை வாங்குவதற்கு முன் தண்டின் கீழ்முனையை அளக்க வேண்டும். 9.0 மில்லிமீட்டர் என்றால் 0.355 அங்குலம், கூம்பிச் செல்லும் வகை. 9.4 என்றால் 0.370, ஒரே தடிப்பாகச் செல்லும் வகை. இந்த 0.4 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பெரூலும் மாறும், தலையின் துளையும் மாறும். கழுத்தின் உட்புறத்தைக் கம்பி பிரஷால் பழைய எபாக்சி போகும்வரை சுரண்டி, தண்டு முனையின் பளபளப்பு மங்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டையும் துடைத்து, இரு பாக எபாக்சியைச் சரிபாதியாகக் கலந்து ஒட்டினேன். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். அடியின் அதிர்வை அது தாங்காது. ஒரு நாள் இறுகும் வகைதான் வேண்டும். பெரூலின் விளிம்பு கழுத்தை விடச் சற்றுப் பெரியதாகத் துருத்தினால், நுண்ணிய உப்புத்தாளால் மட்டமாக்கி, கடைசியில் அசிட்டோன் தொட்ட துணியால் ஒரே இழுப்பில் துடைத்தால் கறுப்பு மின்னும்.

வெட்ஜின் வரிப்பள்ளங்களைக் கூராக்கும் சின்னக் கருவிகள் விற்கின்றன. நான் பயன்படுத்துவதில்லை. 2010இல் தொழில்முறைப் போட்டிகளுக்கு வந்த விதி, பள்ளத்தின் கொள்ளளவையும் விளிம்பின் கூர்மையையும் கட்டுப்படுத்துகிறது. கையால் கூராக்கிய பள்ளம் அந்த அளவுக்குள் இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. வாங்குபவர் போட்டியில் ஆடுகிறவராக இருந்தால், நான் கொடுத்த மட்டையால் அவர் தண்டனை வாங்கக் கூடாது. இரண்டு வெட்ஜுக்கும் கிரிப் மாற்றிச் சேர்த்து விற்றதில் 40 வந்தது.

ஃபேர்வே மட்டையின் தண்டு

இதன் தலையில் முகம் நசுங்கியிருந்தது. மேல்புறம் பந்து பட்டு வெள்ளைத் தழும்புகள். தலைக்கு விலையில்லை. ஆனால் தண்டில், தண்டு செய்யும் நிறுவனமான ஃபூஜிகுராவின் வென்டஸ் என்ற பெயர். அந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு. மட்டை நிறுவனங்கள் புது மட்டையோடு சேர்த்து விற்பதற்கு வந்த தண்டு ஒன்று. தனியாகக் கடையில் வாங்க வேண்டிய தண்டு மற்றொன்று. இரண்டாவதில் பெயரோடு வேலோகோர் என்றும் எழுதியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். விலையில் நிறைய வேறுபாடு. என்னுடையதில் வேலோகோர் இருந்தது. தலையைத் திருகாணியால் கழற்றும் அமைப்பு என்பதால் சூடே காட்டாமல், இணைப்புக் குழலோடு அப்படியே எடுத்துவிட்டேன். இந்தக் குழல் ஒரு நிறுவனத்தினுடையது இன்னொன்றுக்குப் பொருந்தாது, ஆகவே எந்த நிறுவனத்துத் தலைக்கு என்பதையும், தண்டின் எடை, விறைப்பு, குழலோடு சேர்த்த நீளம் எல்லாவற்றையும் எழுதி விளம்பரம் கொடுத்தேன். 38.

பார்சல்

மட்டை இலேசானது, ஆனால் நீளமானது. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பல இடங்களில் 5000ஆல் வகுத்து, வருகிற கிலோவையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அயர்ன் செட்டுக்கு முதலில் கிடைத்த பெட்டி 105க்கு 20க்கு 15. அது 6.3 கிலோவாகக் கணக்காகும். உள்ளே இருப்பதோ மூன்றரைக் கிலோ. அட்டையை வெட்டி 102க்கு 16க்கு 12 என்று மடித்ததும் 3.9 ஆனது. தலைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பக்கமும் மாற்றி அடுக்கினால்தான் இந்த அளவுக்குள் அடங்கும். பட்டருக்கு 92க்கு 12க்கு 8, 1.8 கிலோவுக்குக் கீழே வந்தது. பெட்டியின் இரு முனைகளிலும் தலை மோதும் இடத்தில் அட்டையை மூன்று மடிப்பாக வைத்து நாடா சுற்றினேன். எஃகுத் தண்டு பெட்டியைக் குத்திக்கொண்டு வெளியே வருவது அந்த இடத்தில்தான்.

வரவு செலவு

வரவு: அயர்ன் 150, பட்டர் 95, வெட்ஜுகள் 40, தண்டு 38. கூட்டினால் 323.

செலவு: பை 100. கிரிப் பத்து, 44. நாடா, டர்பன்டைன், எபாக்சி, பெரூல், செருகு எல்லாம் சேர்த்து 12. பெட்டியும் கூரியரும் 41. விற்ற தளத்தின் பங்கு 39. மொத்தம் 236. கையில் நின்றது 87. வைஸும் ஹீட் கன்னும் முன்பே இருந்தன; அவற்றையும் வாங்கியிருந்தால் இந்தப் பையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இந்த எண்களில் நான் அதிக நேரம் பார்த்தது கிரிப் வரியைத்தான். அயர்ன்களின் எட்டு கிரிப்புக்கு 35 செலவு. அதே நாட்களில் தேய்ந்த கிரிப்போடு விற்றுப்போன இதே போன்ற செட்டுகள் 115 பக்கம் நின்றன. என் செட் 150. ஆக, கிரிப்புக்குப் போட்டது அப்படியே திரும்பியது, ஒரு துளி கூடவில்லை. சீக்கிரம் விற்றது என்பது மட்டும் லாபம். பட்டரில் செலவே இல்லை; கழுவியதும் எழுத்தைப் படித்ததும்தான் வேலை. கூரியரும் தளத்தின் பங்கும் போக அதில் மட்டும் 74க்கு மேல் நின்றது. தண்டிலும் அப்படித்தான். உழைப்பு கொட்டிய இடத்தில் பணம் வரவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்ட இடத்தில் வந்தது.

அதனால் அடுத்த பைக்குச் சிலவற்றை மாற்றுகிறேன். டிரைவருக்கு விலையே வைக்காமல் மற்றதை மட்டும் கூட்டிப் பார்த்து வாங்குவேன். அசல் என்று பின்னால் தெரிந்தால் அது மேல்வரும்படி. காந்தத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வைப்பேன். ரப்பர் வெடிக்காமல் வழுக்கல் மட்டும் இருக்கிற கிரிப்பைச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி அப்படியே விற்பேன். கிரிப் மாற்றுவது வெட்ஜுக்கும், கிழிந்துபோனவற்றுக்கும் மட்டும். கூரியர் அளவுக்கு ஏற்ற நீளப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி வைக்கலாமா என்றும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அட்டை வெட்டுவதில் நேரம் போகிறது.

மீதியிருப்பது அந்த மர டிரைவர். டெய்லர்மேட் நிறுவனம் 1979இல் எஃகுத் தலையைக் கொண்டுவந்து அது பரவும்வரை, டிரைவர் என்றாலே மரம்தான். நல்லவை பெர்சிமன், நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த மரம். மலிவானவை பல மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டியவை. தலையின் மேல்புறத்தில் வரிவரியாக இணைகோடுகள் ஓடினால் அடுக்குப் பலகை. இதில் அந்தக் கோடுகள் இல்லை, மரத்தின் இயல்பான ரேகைதான் ஓடுகிறது. அடியிலுள்ள பித்தளைத் தகட்டின் திருகாணிகள் உறுதியாக இருக்கின்றன. கழுத்தில் அவிழ்ந்த நூலை முழுக்க எடுத்துவிட்டு அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். மயிரிழை அகலத்தில் ஒன்று, அரை அங்குல நீளத்துக்கு. அதில் நீர்த்த எபாக்சியை ஊசியால் இறக்கி, கயிற்றால் இறுகக் கட்டி வைத்திருக்கிறேன். இறுகியதும் மெழுகு பூசிய நூலை அடியிலிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஆடுவதற்கு என்று இதை விற்கமாட்டேன். விரிசல் ஒட்டியது என்று எழுதி, அலங்காரப் பொருளாக 20க்குப் போடப்போகிறேன்.